ஜோதிமேரியின் மன்றாட்டு

ஐம்பது வயதாகியும் ஜோதிமேரியின் வாய்க்குப் பூட்டு கிடையாது. பாம்பன் பக்கத்தில் பன்னிரண்டு வயதிலிருந்தே கடற்பாசி எடுக்கிறவள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்குவாள். மூன்று வருடமாக சித்திரை, வைகாசியில் கடல் வெந்நீராகி, பாசி வெளுத்துப்போய், தொட்டாலே பிய்ந்து வந்தது. இப்படியே போனால் பிழைப்பு போச்சு என்று அவளுக்குத் தெரிந்தது.

"அந்த ரெண்டு மாசம் பாசியத் தொடாம விட்டா வேராவது பொழைக்கும். நாம கருவாட்டு வேலைக்குப் போவோம்" என்று கூடப் பாசி எடுக்கும் பெண்களிடம் சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் வாராவாரம் வீடுகளில் கூடி ஜெபிக்கும் அன்பியத்தின் தலைவர் சவேரியார் சொன்னால்தான் ஊர் கேட்கும்.

புகையில் வரும் கார்பனால்தான் கடல் சூடாகிறது என்று ஜோதிமேரி போய் விளக்க, அவரோ சிரித்தார். "கடலப் படைச்சவருக்கு அதப் பாத்துக்கத் தெரியாதா? கார்பன் கார்பன்னு சொல்றியே, அது பைபிள்ல எந்த அதிகாரம்?"

மீன்வளத் துறைப் பயிற்சிக் கூட்டத்தில் கேட்டதையெல்லாம் ஒப்பித்துப் பார்த்தாள். மனுஷர் மசியவில்லை.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் சவேரியார் வீட்டிலேயே நடந்தது. ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வது வழக்கம். ஜோதிமேரியின் முறை வந்தது.

"ஆண்டவரே, எங்க கடல் சூட்டத் தணியும். பாசி பொழைக்க ரெண்டு மாசம் கைய வைக்காம இருக்க எங்களுக்கு மனசு தாரும்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

முதல் குரல் சவேரியாருடையது. முப்பது வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

"ஏத்தா, இது மன்றாட்டா, மனுவா?" என்று முறைத்தார்.

"நீங்கதான் அண்ணே சத்தமாச் சொன்னீக. ஆண்டவருக்கு இந்நேரம் கேட்டிருக்கும்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசி மன்றாட்டு தலைவருடையது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஆன்சியைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

"ஆண்டவரே, போன வைகாசில ஆன்சி காலையிலருந்து தண்ணில கெடந்து, அரச்சாக்குப் பாசியோட தலசுத்தி விழுந்தா. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். இந்த வருசம் அந்த ரெண்டு மாசம் அவ பாசிக்கு எறங்காம இருக்கட்டும். எங்க எல்லாரு வீட்டுலயும் அப்படியே இருக்கட்டும்."

ஆன்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜோதிமேரிதான் முதலில் வாய் திறந்தாள். தெருக்கோடிவரை கேட்கும்படி, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றாள்.