சுவரில் நாலு வட்டம்

எங்கள் வீட்டுக்குள் கணக்கு நுழைந்ததே நைனா விழுந்த பிறகுதான். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலைக் கூரையிலிருந்து விழுந்தவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. படுக்கைப் புண் வராமலிருக்க அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார் டாக்டர். அக்கா அதை இரண்டு மணிக்கொரு தரம் என்று வகுத்தாள்.

அவள் பி.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். முறை தவறக் கூடாதென்று கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கரியால் நாலு வட்டம் போட்டாள். மல்லாக்க, வலது, குப்புற, இடது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செங்கல் துண்டால் சிவப்பு அம்பு. கல்லூரியில் வெறும் எழுத்துகளாகக் கரும்பலகையை நிரப்பிய குரூப் தியரி என்ற கணக்குப் பாடம், அந்தச் சுவரில்தான் அவளுக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனூரிலிருந்து தோழிகள் இருவர் வந்து, நைனாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்தார்கள். மூன்று தரம் முன்னால் திருப்புவதும் ஒரு தரம் பின்னால் திருப்புவதும் ஒன்று. நாலு தரம் திருப்புவது ஒன்றுமே செய்யாததற்குச் சமம். நைனாவும் தலையாட்டிக் கேட்பார். ஒன்பது வயதான எனக்கு அந்தக் கடைசி வரி ரொம்பப் பிடித்துப்போனது.

கடைசி வருஷப் பரீட்சை வந்தது. மூன்று நாள். அம்மா வேலைக்குப் போயாக வேண்டும். பகலில் நாலு தரம் திருப்புவது என் பொறுப்பு. நைனா கட்டில் சட்டத்தைப் பிடித்துப் புரள்வார், நான் காலைத் தள்ளித் தலையணை வைக்க வேண்டும். ஒரு தரம் தவறினாலும் மறுநாள் பரீட்சைக்குப் போகமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

முதல் நாள் பத்து மணிக்குத் தெருவில் பாண்டி ஆட்டம் சூடு பிடித்திருந்தது. சோம்பேறிக்குச் சாக்கா கிடைக்காது? எனக்குக் கணிதமே கிடைத்தது.

"நைனா, நாலு வாட்டி திருப்பினாலும் மல்லாக்கத்தான வருவே. அப்பால இன்னாத்துக்குத் திருப்பணும்?"

நைனா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கரெக்டாத்தான் கீது. நீ போய் ஆடு கண்ணு."

சாயந்தரம் அக்கா சுவரையும் கட்டிலையும் பார்த்தாள். மல்லாக்க. சரியாகவே இருந்தது. நான் வாயைத் திறக்குமுன், நாலு வாட்டியும் திருப்பியாச்சு என்று நைனா சொல்லிவிட்டார். மற்ற இரண்டு நாளும் அப்படியே. எனக்கு அடி விழக் கூடாதென்று பொய் சொல்கிறார் என்று நினைத்து உருகிப்போனேன்.

அடுத்த வாரம் நாற்றம் வந்தது. இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். பிறகு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

முதல் வகுப்பில் தேறிய சேதி வந்த அன்று, அக்கா சுண்ணாம்பு கரைத்து அந்தச் சுவரை வெள்ளையடித்தாள்.

"ரெண்டு மணின்னு நான் போட்ட கணக்குதாம்மா தப்பு. ஒரு மணிக்கொருக்கா திருப்பியிருக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கணக்குப் புத்தகத்தைத் தொடவேயில்லை.

நான் பக்கத்தில் சுண்ணாம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு, எப்போது முடிப்பாள் என்று நின்றிருந்தேன். நைனா பொய் சொன்னது எனக்காக இல்லை, அவள் மிச்சப் பரீட்சைகளை எழுதுவதற்காக என்று அன்று எனக்குத் தெரியாது. அவள் போட்ட கணக்கு சரிதான் என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பதும் தெரியாது.