ராஜப்பாவுக்கு நான் சொன்ன பாக்கெட் சமாச்சாரங்கள்

ராஜப்பா போய்விட்டான். அவன் பேத்தி போட்ட போஸ்ட்டைக் காலையில் என் கொள்ளுப்பேத்தி காட்டினாள்.

கீழே ஏகப்பட்ட கமெண்ட். "எங்க தாத்தா காலத்துல இருந்தே அவர் லாண்டரிதான்", "கஸ்டமரை வீட்டு மனுஷங்க மாதிரி பார்த்துக்கிட்டவர்"... எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வயிறு எரிந்தது.

எனக்குத் தொண்ணூற்றேழு வயசு. அவன் என்னைவிடச் சில மாசம் சின்னவன். நான் சொல்லச் சொல்ல இவள் டைப் பண்ணுகிறாள். செத்தவரைப் பற்றி இப்படியா போடுவது என்று முனகுகிறாள். போடு.

மகாராஜா காலம். யுத்தம் முடியவில்லை. அரண்மனைக்குப் பக்கத்துப் பேட்டையான தேவராஜ மொஹல்லாவில் என் வீட்டுக்காரரும் ராஜப்பாவும் கூட்டாக லாண்டரி வைத்தார்கள். நாங்கள் மூன்று பேருமே கொள்ளேகாலிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ராஜப்பா முன்னால், துணி வாங்கிப் போடுகிற இடத்தில். வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியோடு. நான் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டியும் கஞ்சிச் சட்டியுமாக... என் முகம் எந்த கஸ்டமருக்கும் தெரியாது.

வந்தவர்களில் பாதிப் பேர் அரண்மனை ஆபீஸ் ஆட்கள். தசரா தர்பாருக்கு ஜரிகைத் தலைப்பாகை இல்லாமல் போக முடியாது. பேட்டா என்போம். அது விறைப்பாக நிற்கக் கஞ்சி பதமாக இருக்க வேண்டும். அரிசி ரேஷனில் வந்த நாட்கள். வடித்த கஞ்சியில் ஒரு வாய் நான் குடித்ததில்லை, அத்தனையும் துணிக்குத்தான்.

நனைப்பதற்கு முன் பாக்கெட்டைத் துழாவுவதும் என் வேலை. மருந்துச் சீட்டு, கோயில் குங்குமம், மஞ்சள் தடவிய பத்திரிகை... இருந்ததை அப்படியே மடித்த துணிக்குள் வைத்துத் திருப்பிவிடுவோம்.

ஒருமுறை குமாஸ்தா அய்யங்காரின் கோட்டில் ஒரு ஜாதகம். "பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடறாரு போல" என்று ராஜப்பாவிடம் விளையாட்டாகச் சொன்னேன்.

பதினைந்து நாள் கழித்து அவரிடம் கேட்டிருக்கிறான். "சாமி, பாப்பாவுக்கு வரன் அமைஞ்சுதுங்களா?" கூடப் பிறந்தவன்கூட இப்படிக் கேட்டதில்லை என்று அவர் உருகிப்போனாராம்.

அப்புறம் தினமும் பின்கட்டுக்கு வருவான். "அக்கா, இன்னிக்கு என்ன கெடச்சுது?"

நானும் சொன்னேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? கடையில் கூட்டம் தாங்கவில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. தசராவுக்கு ஒரு மாசம் இருக்கையில் எதிர்வரிசையில் தனிக்கடை போட்டான். சண்டை இல்லை, ஒன்றும் இல்லை. "மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க அக்கா" என்றான்.

கஸ்டமர் மொத்தமும் தெருவைத் தாண்டிவிட்டார்கள்.

நான் கலங்கவில்லை. கஞ்சிப் பதம் என் கையில் இருக்கிறது, தசரா வரட்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

வந்தது. தர்பாரில் அய்யங்காரின் பேட்டா சரிந்து காதில் வந்து உட்கார்ந்ததாம். இன்னும் நாலைந்து பேருக்கும் அதே கதி. எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று மறுநாள் சட்டி நிறையக் கஞ்சி காய்ச்சி வைத்தேன்.

ஒருத்தரும் வரவில்லை. கஞ்சி புளித்துப்போனது.

மூன்றாம் நாள் முதன்முறையாக முன்னால் வந்து, ரோட்டில் போன அய்யங்காரை நிறுத்தினேன்.

"சாமி, எங்க கடைப் பேட்டா ஒருநாளாச்சும் சரிஞ்சிருக்குங்களா?"

"இல்லேம்மா. ஆனா பேட்டா சரிஞ்சதுக்கு ராஜப்பா எங்காத்து வாசல்லே வந்து நின்னு கண் கலங்கிட்டான். பொண்ணுக்குப் பிரசவம் எப்போன்னு வேற கேட்டான். அவனை விட்டுட்டு எப்படிம்மா..."

கொஞ்ச தூரம் போனவர் திரும்பிப் பார்த்தார். "ஆமா, நீ யாரும்மா?"

தை மாசம் கடையை மூடினோம். என் வீட்டுக்காரர் ராஜப்பா கடைக்கே இஸ்திரி போடப் போனார், கூலிக்கு. சாகிற வரைக்கும் அங்கேதான். நான் அந்த வாசலை மிதிக்கவில்லை.

மூன்று வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். வீல்சேரில் இருந்தான். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அந்த வலது முட்டி இப்பத் தேவலைங்களா?"

எந்த முட்டி என்றுகூடத் தெரிந்து வைத்திருக்கிறான். யாரிடம் விசாரித்தானோ... "அப்படியேதான் இருக்கு ராஜப்பா, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கறேன், குளிர் வந்தா தாங்கல" என்று அரைமணி நேரம் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நானா!

வீட்டுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். கார் வைத்துக் கூட்டிப்போகிறேன் என்கிறாள் இவள். நான் போகவில்லை.

முட்டி இன்னும் வலிக்கிறது ராஜப்பா. போய் வா.