அணைக்கக்கூடாத கணினி

அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்தேன். வெந்நீர் போட்டு மனைவியின் வலது முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன். அவளுக்கு மதுரையில் முட்டி மாற்று அறுவை சிகிச்சை. மறுநாள் காலை பத்து மணிக்குள் மருத்துவமனையில் சேர வேண்டும். பத்து நாள் நான் கூட இருக்க வேண்டும். இது மருத்துவர் கொடுத்த மூன்றாவது தேதி. முதல் இரண்டையும் தள்ளிப்போட்டவன் நான். இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான்: அலுவலகத்துக் கணினி.

மாப்பிள்ளையூரணியிலிருந்து பேருந்து மாறி, முத்தையாபுரத்தில் உள்ள எங்கள் உப்பு மொத்த வியாபார அலுவலகத்துக்கு வழக்கம்போல ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே கணக்கு எழுதுவது என் வேலை. கணினிக்குக் காவல் இருப்பது, நான் கேட்காமலே என் தலையில் விழுந்த இரண்டாவது வேலை.

லாரிக்குப் பில் போடும் புரோகிராம் அந்த ஒரு கணினியில்தான் ஓடும். அதை எழுதிக்கொடுத்தவர் சவூதிக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கணினியை அணைத்தால் திரும்ப எழுந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் அணைப்பதே இல்லை; கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். முன்பு ஒரு மழைக்காலத்தில் தானாக நின்றுபோனபோது, எரிச்சலில் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினேன். உயிர் வந்துவிட்டது. அந்த ஒரு தட்டுக்காக, நான் இல்லாமல் அது ஓடாது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். பொங்கலானாலும் ஞாயிறானாலும் ஒருமுறை வந்து அதன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவேன்.

உப்புக்காற்று அதற்கு ஆகாது என்று கண்ணாடி அறை, ஏசி. நாங்கள் வெளியே ஒரு மின்விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருப்போம். அதில் போட்ட பில்லை அச்செடுத்து, அந்தத் தாளைப் பார்த்து மறுபடி இன்னொரு கணினியில் அரசாங்கத்தின் வரித் தளத்துக்காக அடிப்போம். ஒவ்வொரு லாரிக்கும் ஒரே வேலை இரண்டு முறை. அதுவரை லாரி வெயிலில் நிற்கும், டிரைவர் எங்களைத் திட்டுவார். அச்சு இயந்திரத்துக்கு ரிப்பன் தேடித் திருநெல்வேலிக்குப் போவதும் நான்தான். எங்களிடம் பல வருடங்கள் சரக்கெடுத்த காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் போன மாதம் வேறு இடத்துக்கு மாறிவிட்டார். கடைசியாகப் பேசும்போது, "ஒங்க உப்பு நல்ல உப்புதான். உப்பு லாரில ஏறிருது, பில்லுதான் ஏற மாட்டேங்குது" என்றார். இதில் எதுவும் முதலாளிக்குச் செலவாகத் தோன்றியதில்லை. புதுக் கணினி வாங்கினால் செலவு. இது சும்மா ஓடுகிறது.

அன்று காலை மறுபடி ஞாபகப்படுத்தினேன்.

"நாளைக்கு மதுரைக்குப் போறோம், அண்ணாச்சி."

"போயிட்டு வாரும். சேத்து விட்டுட்டு மத்தியானம் பஸ் ஏறினீர்னா சாயந்திரம் இங்கன இருக்கலாம்லா."

"பத்து நாள்னு போன மாசமே சொன்னேன்."

"அங்கன அவகளப் பாக்க நர்ஸ் இருக்கும் வேய். இதப் பாக்க யாரு இருக்கா?" என்று கண்ணாடி அறையைக் காட்டினார்.

பில் போடும் பெண் தலையை நிமிர்த்தாமல், "இதுக்கும் ஒரு நர்ஸ போட்ருவோம் அண்ணாச்சி" என்றாள். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பதினோரு மணிக்குப் பூஜை. தராசு, சாக்குத் தைக்கும் மெஷின், கால்குலேட்டர் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தோம். என் சட்டைப்பையிலிருந்த பேனாவையும் முதலாளி கேட்டு வாங்கிச் சாமி படத்தின் முன் வைத்தார். எல்லாவற்றுக்கும் ஓய்வு, அந்தக் கணினியைத் தவிர; யாரும் தொடாவிட்டாலும் அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குத் திரையின் ஓரத்தில் சந்தனம் தொட்டு வைப்பது என் பொறுப்பு. சரியாக அந்த நேரத்தில் மனைவி போன் செய்தாள். வெளியே வந்தேன்.

"ஆஸ்பத்திரில இருந்து கேக்காவ, கண்டிப்பா வாரீங்களான்னு. என்ன சொல்லட்டும்?"

"வாரோம்னு சொல்லு."

"மூத்தாகிட்ட கேட்டாச்சா?"

மூத்தாள், அதாவது என் மூத்த தாரம் என்பது அவள் அந்தக் கணினிக்கு வைத்த பெயர். போனை வைத்தேன்.

உள்ளே வந்தபோது ஏதோ குறைந்திருந்தது. கணினியின் இரைச்சல் இல்லை. எனக்காகக் காத்திருக்காமல் முதலாளியே பொட்டு வைத்திருக்கிறார். பெட்டியின் முகப்பில் வட்டமாக ஒரு பொத்தான். பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல இருக்கும். அதன் நடுவில் கட்டைவிரலால் நன்றாக அழுத்திச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"ஏளா, சத்தத்தக் காணோமே?" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"நீங்க பொட்டு வச்சதுதான் அண்ணாச்சி சுவிட்சு."

"லேசாத்தான தொட்டேன்." என் பக்கம் திரும்பினார். "வேய், வாரும். போட்டு விடும்."

நான் நகரவில்லை. "பூஜையில வச்ச பொருள மறுநாள் காலை வரைக்கும் தொடக்கூடாது. வருசா வருசம் நீங்கதான் சொல்லுவீங்க. என் பேனாவையே தர மாட்டீங்க."

அவர் படத்தைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். கையில் கற்பூரத் தட்டு. அவருடைய பக்தி எனக்குத் தெரியும். அதை மீற மாட்டார்.

"அப்ப காலைல ஆறு மணிக்கு வந்துரும்."

"ஆறு மணிக்கு நான் மதுரை பஸ்ல இருப்பேன்."

"எந்திரிக்கலன்னா என்ன செய்ய?"

"வலது பக்கம் ஒரு தட்டு தட்டுங்க. அன்னைக்கு நான் செஞ்சதும் அதுதான். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. அதுக்கும் எந்திரிக்கலன்னா புதுசு வாங்குங்க."

"அம்புட்டுதானா?" என்றார். இத்தனை வருடமும் நான் ஏதோ மறைத்துவிட்டதுபோல இருந்தது அவர் பார்வை. எனக்கு வந்த கோபத்தை நாற்காலியில் காட்டினேன். தேவைக்கு மேல் ஓசையாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பொரியும் சுண்டலும் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு ஆட்டோ வந்தது. மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். முதலில் போனது முதலாளி வீட்டுக்கு. வாசலில் நின்றவரிடம் அலுவலகச் சாவியைக் கொடுத்தேன். ஆட்டோவுக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்த என் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பத்து நாளா?" என்றார்.

"பத்து நாள்" என்றேன். வண்டியை பஸ் ஸ்டாண்டுக்கு விடச் சொன்னேன்.