மட்டையைக் கீழே போடப் பழகியது

பேஸ்போலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு விதிப்படி ஆடும் குழு ஒன்று ரொறன்ரோவில் இருக்கிறது. கையுறை கிடையாது. ஒவ்வொருவரும் அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவராகவே ஆடவேண்டும். போன வருடம் நானும் சேர்ந்தேன்.

நூலகத்தில் பழைய பத்திரிகைகளைத் துழாவி ஒருவரைப் பிடித்தேன். செருப்புத் தைப்பவரின் மகன். அடிப்பவருக்குப் பின்னால் நின்று, வெறுங்கையால் பந்து பிடித்தே சம்பளம் வாங்கியவர். இரண்டு விரல்கள் முறிந்து கோணிப்போனதும் குழு அவரைக் கழித்துவிட்டது. மனிதர் வீட்டுக்குப் போகவில்லை. வேறொரு குழுவில் சேர்ந்து, மைதானத்தின் தூரத்து ஓரத்தில் நின்று இன்னும் பல வருடங்கள் ஆடினார். பத்திரிகையில் வந்த படத்தில் அந்தக் கையை ஒளிக்காமல் முன்னால் வைத்திருக்கிறார். எனக்கு ஆளை நிரம்பப் பிடித்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் நானும் கழிபட விரும்பவில்லை.

மனைவிக்குக் கதையைச் சொல்லிப் படத்தையும் காட்டினேன்.

“உப்பிடி விரலை முறிச்சுக்கொண்டு வந்தால், ஆர் உங்களுக்குச் சோறு தீத்திறது?” என்றாள்.

முதல் பயிற்சியிலேயே மானம் போனது. பந்தை நன்றாகத்தான் அடித்தேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடிய உடம்பு. மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடி, அதை நீட்டி, ஓடிச் சேரவேண்டிய தளத்தைத் தொட்டுவிட்டுப் பெருமையாக நின்றேன். பேஸ்போலில் ஆள்தான் தளத்தைத் தொடவேண்டும். அவுட். மூன்று முறையும் அதே கூத்து. ஞாயிறு ஆட்டத்திலும் இப்படியென்றால் நான் வெளியே இருந்து ஸ்கோர் எழுதலாம் என்று தலைவர் மரியாதையாகவே சொன்னார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும், கார் நிறுத்துமிடத்தில் நின்று மட்டையை வீசுவேன், கீழே போடுவேன், வாசற்கதவுக்கு ஓடுவேன். கதவடியில் மனைவி காவல்.

“மட்டையோட வந்தால் உள்ளுக்கு விடமாட்டன்.”

முதல் இரண்டு நாளும் வெளியில் நின்றதே அதிகம்.

ஞாயிறு கடைசியாக அடிக்கும் முறை எனக்கு வந்தது. அடித்தேன். கை மட்டையை விட்டது. என்னாலேயே நம்ப முடியவில்லை. பந்து முந்திவிடும் போலிருந்தது. வயதை மறந்து பாய்ந்து, கையால் தளத்தைத் தொட்டேன். நான் தப்பினேன், நடுவிரல் தப்பவில்லை.

அன்று பின்னேரம் வலது கையில் கட்டு. மனைவி சோற்றைக் குழைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

“அடுத்த ஞாயிறும் மட்ச் இருக்கு,” என்றேன்.

“தெரியும். தூரத்தில நிண்டு விளையாடுங்கோ. இப்ப வாயைத் திறவுங்கோ.”