அம்மாவின் கழுத்தில் என் விரல்கள்

சென்னைக்கு வெளியே, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகச் சோதனை செய்து தரும் ஆய்வுக்கூடங்கள் முளைக்கத் தொடங்கியிருந்த காலம். விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அப்படி ஒன்றில் வேலை கிடைத்தது. சீனிக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பைத் தீவனத்தில் கலந்து வெள்ளை எலிகளுக்குக் கொடுப்போம். அது புற்றுநோயைக் கொண்டுவருகிறதா என்று எலி கிழமாகும்வரை பார்க்க வேண்டும். வாராவாரம் ஒவ்வொரு எலியையும் கையில் எடுத்து, கழுத்து, அக்குள், வயிறு என்று விரலால் தடவிக் கட்டி தேடுவது என் வேலை. வயலில் கிட்டி வைத்து எலி பிடிக்கும் எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிக்காமல் இருப்பார்களா?

"நாங்க புடிச்சு அடிக்கிறோம், நீ தடவிக் குடுக்குறியா?" என்றார் சித்தப்பா.

சிரிக்கட்டும். அந்த விரல்கள் விடுமுறையிலும் சும்மா இருப்பதில்லை என்பது அவருக்கு எங்கே தெரியும்? பஸ்ஸில் உட்கார்ந்தால் என் கழுத்தை நானே தடவிக்கொண்டு வருவேன்.

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலில் ஒரு புண் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனிப்பில்லாத காப்பியோ அம்மாவுக்குத் தொண்டையில் இறங்காது. அண்ணன் துபாயிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் இனிப்பு மாத்திரை கொடுத்தனுப்பினான். சீனியை விட்டு அதற்கு மாறிய பிறகுதான் புண் காயத் தொடங்கியது. எலிகளுக்கு நான் கொடுப்பதும் அதே சரக்குதான்.

விடுமுறையில் வந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்தான் ஒரு எலியின் அக்குளில் கட்டி தட்டுப்பட்டிருந்தது. இனிப்பு தின்ற எலிகூட இல்லை, வெறும் தீவனம் தின்றது. கிழட்டு எலிகளுக்குக் கட்டி தானாகவும் வரும். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன, மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. பயமாக இருந்தது. உச்சந்தலையில் இருந்த விரல்கள் பிடரிக்கு இறங்கின, பிறகு காதுக்குக் கீழே, தாடைக்கு அடியில்.

"என்னடி, பேன் பாக்குறியா?"

"ஒண்ணுமில்லம்மா."

விரல் அக்குள் பக்கம் போனதும் அம்மா கையைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். லேசுப்பட்டவள் இல்லை அவள்.

"எலியத் தடவுற மாதிரியில்ல தடவுற. அந்த மாத்திரையில என்னமோ இருக்கு, அப்படித்தானே?"

"எலிக்குக் கொட்டுற அளவு மனுசங்க தின்னவே முடியாதும்மா. காப்பிக்கு ரெண்டு போடுறதுல ஒண்ணும் ஆகாது. ஒனக்கு சீனிதான் விஷம்."

அவள் கொண்டையை முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை மாத்திரை டப்பா கொல்லைக் குப்பையில் கிடந்தது. அம்மா அடுக்களையில் நின்று, சீனியை அள்ளிப் போட்டுக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அவ்வளவு தூரம் சொன்னேனே, காதுல விழலையா?"

"விழுந்துச்சு. வாய் நல்லாத்தான் சொல்லுச்சு. கை ஏன்டி நடுங்குச்சு?"

நான் டம்ளரைப் பிடுங்குவதற்குள் முக்கால்வாசியைக் குடித்துவிட்டாள்.