வெள்ளை மஃப்ளர்

அம்மாவின் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு கொழுக்கி இருக்கிறது. அதில் கோட்டு தொங்காது, குடை தொங்காது. ஒரு பழைய கம்பளி மஃப்ளர் மட்டும்தான் தொங்கும். அது ஒரு காலத்தில் வெள்ளை என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். தோய்த்துத் தோய்த்துப் பால்தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு முனையிலும் கருநீலத்தில் ஒவ்வொரு கோடு. வடக்கு லண்டனின் உதைபந்தாட்டக் குழு ஒன்றின் மஃப்ளர் அது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அம்மா காதில் போட்டுக்கொள்வதில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பந்தைக் காலால் தொட்டே அறியாத ஒரு பெண்ணின் வீட்டில் அது எப்படி வந்து தொங்கியது என்று விருந்தாளிகள் கேட்பார்கள். குளிருக்குப் போட்டது என்று அம்மா சுருக்கமாக முடித்துவிடுவார். அது பொய்யில்லை. ஆனால் கதை அவ்வளவு சுருக்கமும் இல்லை.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் எட்மண்டனில், ஒரு கவுன்சில் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். நாங்கள் என்றால் அம்மாவும் நானும். லண்டனுக்கு மூன்று பேராகத்தான் வந்தோம். வந்த சில மாதங்களிலேயே அப்பா கனடாவுக்குப் போய்விட்டார். போய் ஒரு வேலை எடுத்து, வீடு பார்த்து, எங்களை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுவதாக ஏற்பாடு. அதனால் எங்கள் வீட்டில் மேசை கிடையாது, தரையில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டோம். ஜன்னலுக்குப் பழைய சேலை. கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய சூட்கேஸ் எப்போதும் அடுக்கியபடி இருக்கும். நான் வளர வளர, அதற்குள் இருந்த என் உடுப்புகளை எடுத்துவிட்டுப் பெரிய அளவில் வேறு வைப்பார் அம்மா. பள்ளிக்கூடத்துப் பெடியன்கள் வீட்டில் எல்லாம் மேசை இருக்கிறதே என்று நான் கேட்டால், "போகப்போற சனத்துக்கு மேசை என்னத்துக்கு?" என்பார்.

முதலில் ஞாயிறு தவறாமல் வந்த தொலைபேசி அழைப்பு, பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று ஆனது. அம்மாவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. அடிக்காத தொலைபேசி அடித்ததுபோல எழும்புவார். குளித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது என்று ஈரத்தோடு வெளியே வந்து என்னைக் கேட்பார். தெருமுனையில் தமிழ்க்கடை நடத்திய கடை மாமி, மிளகாய்த்தூள் கட்டிக்கொடுக்கும்போதெல்லாம் "இன்னும் கூப்பிடேல்லையோ பிள்ளை?" என்று விசாரிப்பார். நல்ல மனம், ஆனால் வாய்க்குப் பூட்டில்லை. "அலுவல் நடக்குது மாமி" என்று சொல்லிவிட்டு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பார். அந்த நடையின் வேகத்தில் நான் ஓடத்தான் வேண்டியிருக்கும்.

அம்மா வீட்டிலிருந்தே தைத்தார். சைப்பிரஸ்காரர் ஒருவர் தன் தொழிற்சாலையிலிருந்து வெட்டிய துணிக் கட்டுகளைக் கொண்டுவந்து போட்டு, தைத்ததை எடுத்துப் போவார். அவருக்கு எங்கள் பகுதிக் குழுவென்றால் உயிர். எனக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தப் பைத்தியம் தொற்றியிருந்தது. தன் மகன்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று சொல்லி அவர்களுடைய பழைய குழுச் சட்டையையும் மஃப்ளரையும் ஒருநாள் எனக்குக் கொண்டுவந்து தந்தார். நான் துள்ளினேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "வேற நிறத்தில ஒரு ரீமும் கிடைக்கேல்லையோ உனக்கு?" என்றார். எங்கள் ஊரில் வெள்ளை யார் உடுப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது. புருஷன் கடல் கடந்து இருக்கும்போது வீட்டுக்குள் அந்த நிறத்தில் ஒரு துணி வந்து சேர்ந்ததே அம்மாவுக்கு அபசகுனம். தோய்க்கும்போதுகூட மஃப்ளரை விரல் நுனியால்தான் தூக்குவார்.

அப்படி இருந்தவர் எப்போது மாறினார் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்து நான் மட்ச் கேட்பேன். அம்மாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. ஆனால் வர்ணனைக்காரரின் குரல் ஏறுவதும் இறங்குவதும் அவருக்கு விளங்கியது. எதிராளிகள் பந்தோடு வந்தால் மெஷின் தறிகெட்டு ஓடும். எங்கள் ஆட்கள் கோலுக்குக் கிட்டப் போனால் நின்றுவிடும். மைதானம் கிட்டத்தான்; காற்று இந்தப் பக்கம் அடித்தால், கோல் விழுந்த இரைச்சல் ரேடியோவிலும் ஜன்னலிலும் சேர்ந்தே கேட்கும். அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு, தோளைச் சேலையால் மூடிக்கொண்டு தைப்பார். அந்தச் சனிக்கிழமைகளில் தைத்த பாவாடைகளின் ஓரம் நேராக இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஆட்டக்காரர்களுக்கு அவரே பெயர் வைத்தார். ஒருவர் நெட்டையன். கோல் காப்பவர் வாசற்காரன். முன்னுக்கு நின்று ஆடியவர் தலையை மழித்திருப்பார், அவர் மொட்டையன். "மொட்டையனுக்கு இண்டைக்கு மனம் இல்லை, வீட்டில ஏதோ பிரச்சினை" என்று ரேடியோவைக் கேட்டபடியே சொல்வார். இந்த ஒன்றரை மணித்தியாலத்தில் அம்மா தொலைபேசியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை நான் கண்டுபிடித்தேன். அதற்காகவே சனிக்கிழமை வரவேண்டும் என்று கிழமை முழுவதும் தவிப்பேன். என் பயம் ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் அந்தத் தொலைபேசி உண்மையிலேயே அடித்து, கனடாவுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டால், அம்மாவும் நானும் ரேடியோவுக்கு முன்னால் இருக்கும் இந்த நேரம் இல்லாமல் போய்விடும்.

ஒரு மாரிகாலத்தில் சைப்பிரஸ்காரர் இரண்டு ரிக்கற் கொண்டுவந்தார். கோப்பைக்கான ஆட்டம், அவருக்குப் போக முடியவில்லை. அம்மா வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் சம்மதித்தார். ஆட்டத்துக்கு முதல்நாள் நான் மொட்டையனைப்போல முடி வெட்டிவிடும்படி நச்சரித்து உயிரை எடுக்க, முடிவெட்டும் மெஷினை என் தலையில் ஓட்டி அம்மாவே மொட்டையாக்கிவிட்டார். அடுத்தநாள் ஜாக்கெட்டுக்கு மேலே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். தெருவில் குளிர் முகத்தில் அறைந்தது. அம்மாவின் காது சிவந்துவிட்டது. "காதுக்குள்ள ஊசி குத்துது" என்றார். நான் மஃப்ளரைக் கழற்றி நீட்டினேன். கொஞ்சத் தூரம் அதை வாங்காமலே நடந்தார். பிறகு பட்டென்று பறித்துத் தலையைச் சுற்றி, நெற்றிப் பொட்டும் மறையும்படி கட்டிக்கொண்டார். அந்த நேரம் ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது. அதற்குள் கடை மாமி இருந்தது எங்களுக்குத் தெரியாது.

மைதானத்தில் அம்மா ஒரு நிமிடமும் நாற்காலியில் இருக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்ததையும் பொருட்படுத்தவில்லை. "அடியடா மொட்டையா" என்று தமிழில் கத்தினார். என் தோளைப் பிடித்து உலுக்கினார். முடியப்போகும் நேரத்தில் மொட்டையன் அடித்த கோலில் நாங்கள் வென்றோம். அம்மா என்னைத் தூக்கிவிட்டார், நான் அப்போது தூக்கக்கூடிய பாரம் இல்லை. வீடு திரும்பும்போது அவருக்குக் குரலே இல்லை, காற்றில் கண்கள் இரத்தச் சிவப்பு. அப்படிச் சந்தோஷமான அம்மாவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மாடிப்படி ஏறினால் எங்கள் கதவடியில் சனம். கடை மாமி, அவரோடு கோவிலில் பார்க்கும் நாலைந்து பெண்கள். கையில் பாத்திரங்கள், இடியப்பம், சொதி. கடை மாமி ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து, "என்ர பிள்ளை, உன்னை இப்பிடி விட்டிட்டுப் போட்டாரே" என்று குரலெடுத்து அழத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். செத்தவீட்டில் அடுப்பு எரிக்கக் கூடாது என்று சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள். தலையில் வெள்ளை போட்ட தாய், மொட்டையடித்து வெள்ளை உடுத்த மகன். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த மாமிக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. சிவந்த கண்ணும் அடைத்த தொண்டையும் மிச்சத்தை உறுதிப்படுத்திவிட்டன.

ஆனால் அந்த நேரம் அம்மாவுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. கனடாவிலிருந்து செய்தி கடைக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைத்தார். "எப்ப?" என்று கேட்டார். குரல் வெறும் காற்றாக வந்தது. மாமி இன்னும் பலமாக அழுதார். அம்மா கதவைத் திறந்து நேரே தொலைபேசியடிக்குப் போனார். நான் அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நின்றேன். மஃப்ளரை அவிழ்க்காமல், ஒரு பக்கம் மட்டும் காதுக்கு மேலே தள்ளிவிட்டு நம்பரைச் சுழற்றினார். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. ஒரு சின்னப்பிள்ளை எடுத்தது. பிள்ளை வாயைத் தூரத்துக்குத் திருப்பி, "அப்பா, போன்" என்று கூப்பிட்டது. பிறகு அப்பாவின் குரல்.

"ஒண்டுமில்லை," என்றார் அம்மா. "உயிரோட இருக்கிறியளோ எண்டு பாத்தனான்."

வைத்துவிட்டார். பெண்கள் கையில் பாத்திரங்களோடு அறைக்குள் நின்றார்கள். அம்மா அவர்களைப் பார்த்து, ஆள் நல்ல சுகமாக இருக்கிறார் என்றும், சாப்பாட்டைக் கொண்டுவந்துவிட்டார்கள், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றும் சொன்னார். மேசை இல்லாத வீட்டில் எல்லோரும் தரையில் வட்டமாக இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இடியப்பம் சாப்பிட்டோம். எனக்குப் பசி. நான் மட்டும்தான் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன். அந்தப் பிள்ளையின் குரல் என்னிலும் சின்னக் குரல் என்பது மட்டும் எனக்கு விளங்கியிருந்தது.

எங்கள் ஆட்கள் எந்த வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும் "போட்டு வாறன்" என்று சொல்லித்தான் போவார்கள். செத்தவீட்டில் மட்டும் சொல்வதில்லை, அங்கே திரும்பி வருவேன் என்று சொன்னால் இன்னொரு சாவை அழைப்பதாகிவிடும். அன்றைக்கு எல்லோரும் பேசாமல் எழும்பிப் போனார்கள். கடை மாமியும் தலையைக் குனிந்துகொண்டு படியில் இறங்கத் தொடங்கினார். அம்மா கதவடிக்கு வந்து, இல்லாத குரலைக் கூட்டிக் கூப்பிட்டார்.

"மாமி, சொல்லிப்போட்டுப் போங்கோ. இது செத்தவீடில்லை."

மாமி திரும்பி ஏறி வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்து, "போட்டு வாறன் பிள்ளை" என்றார். இந்த முறை அவர் அழுதது நிஜமான அழுகை. அதற்குப் பிறகு மிளகாய்த்தூள் கட்டும்போது அவர் கனடாவைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

அன்று மாலையே அம்மா சூட்கேஸை இழுத்து எடுத்து, உள்ளே இருந்ததை எல்லாம் கட்டிலில் கொட்டினார். எனக்கு இன்னும் அளவில்லாத பெரிய காற்சட்டைகள், கனடாவின் பனிக்கென்று வாங்கி வைத்த இரண்டு தடித்த சுவெற்றர்கள். எல்லாவற்றையும் அலுமாரியில் அடுக்கினார், வேகமாக, யாரோ நேரம் குறித்திருப்பதுபோல. அவருக்கு அழத் தெரியாமல் இல்லை. கோபத்தில் அவருக்கு அழுகை வராது, வேலைதான் வரும். அடுத்த கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு மேசை வந்தது. ஜன்னலுக்குத் திரைச்சீலையை அவரே தைத்தார். மஃப்ளர் அன்றிலிருந்து அவருடையதாகிவிட்டது. நான் கேட்டும் திருப்பித் தரவில்லை. தொண்ணூறுகள் முழுவதும், ரிக்கற் கிடைத்த நாட்களில் மைதானத்துக்கும், கிடைக்காத நாட்களில் ரேடியோவுக்கு முன்னாலும் அதைச் சுற்றிக்கொண்டு இருந்தார். நெற்றியில் மட்டும் முன்னிலும் பெரிதாகப் பொட்டு வைத்தார். கோவிலில் யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால் திரும்ப அதே மாதிரிப் பார்ப்பார்.

போன மாரிகாலத்தில், ஒரு சனிக்கிழமை, பெரியப்பாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து எனக்குக் கதைத்தார். நான் காரை எடுத்துக்கொண்டு குட்மேய்ஸுக்கு, அம்மா இப்போது இருக்கும் வீட்டுக்குப் போனேன். தொலைக்காட்சியில் மட்ச் போய்க்கொண்டிருந்தது. வயது எழுபதைத் தாண்டியும் அம்மா நின்றுகொண்டுதான் பார்ப்பார், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி. பச்சைச் சேலை, கழுத்தில் மஃப்ளர். இடைவேளை வரும்வரை பொறுக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

"அப்பா காலமாகிட்டாராம், அம்மா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "இந்த முறை உண்மையோ?"

ஓம் என்றேன். மட்ச் பார்க்கும்போது அம்மா நாற்காலியில் இருந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை கண்டேன். பிறகு கழுத்திலிருந்த மஃப்ளரை மெல்ல அவிழ்த்து, மடித்து, என்னிடம் நீட்டி, கொழுக்கியில் போடச் சொன்னார். குளிருமே என்றேன். "இண்டைக்கு இதைப் போட்டிருந்தா அவருக்கெண்டு நினைப்பினம்," என்றார். "இது எங்கட ரீமுக்கு."

மிச்ச ஆட்டத்தை இருவரும் இருந்து பார்த்தோம். முடியும் நேரத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். மஃப்ளர் இல்லாததால்தான் என்று அம்மா சொன்னார். போகிற நேரத்திலும் எங்கள் மட்சைக் கெடுத்துவிட்டுத்தான் போகிறார் அந்த மனுசன் என்று திட்டிக்கொண்டே அழுதார். அழுதது அப்பாவுக்காகத்தான். பழியை மட்டும் மட்சின் மேல் போட்டார். நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து, அவர் குடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன்.

வெளிக்கிடும்போது கதவின் பிடியில் கை வைத்தபடி நின்றுவிட்டேன். கண்ணுக்கு நேரே கொழுக்கியில் மஃப்ளர் தொங்கியது. வழக்கமாகச் சொல்வதைச் சொல்லலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. வாய்வரை வந்ததை விழுங்கினேன். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, அம்மா எழும்பிவிட்டார்.

"ஏன் நிக்கிறாய்? சொல்லிப்போட்டுப் போ," என்றார். "அடுத்த மட்ச் எத்தினை மணிக்கெண்டும் பாத்துச் சொல்லு."