வாலைத் தொடாதீங்க, அண்ணாச்சி!

மாடல் விமானம் செய்கிறவனுக்கு உயிர் வாலில்தான் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் கை அரிப்பதும் அங்கேதான். அடுத்தவருக்கு ஒரு சாமான் செய்து கொடுத்து வயிறெரிந்த என் சகோதரர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். செங்கோட்டை மரக்கடை அண்ணாச்சி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து ரேடியோ கன்ட்ரோல் செட் வரவழைத்து, "சீசன்ல என் விருந்தாளிங்க முன்னாடி ஒரு குட்டி விமானம் ஆகாசத்துல கரணம் போடணும். போட்டுட்டா குத்தாலத்துல உமக்குப் பட்டறை" என்றார். என் கனவே அதுதான். ராப்பகலாக உழைத்தேன்.

மரம் மிச்சம்

சாதாரண மாடலில் இறக்கையின் மேல்பக்கம்தான் வளைவு, அடிப்பக்கம் தட்டை. கரணம் அடிப்பதற்கு மேலும் கீழும் ஒரே வளைவு வேண்டும். வால் பலகையும் இறக்கைக்கு இணையாக, துளிச் சாய்வில்லாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் மல்லாந்தாலும் ஒழுங்காகப் பறக்கும். இதைத் தொண்டை வற்ற விளக்கினேன். அண்ணாச்சி விமானத்தின் உடம்பை ஒரு பார்வை, வாலை ஒரு பார்வை பார்த்தார்.

"வால்ல ஒரு சாண் அறுத்துட்டா கார் டிக்கில அடங்கும்லாவே? மரமும் மிச்சம்!"

மூன்று கோட்டு

வால் கனத்தால் மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் வேகம் செத்துத் தொப்பென்று விழும். அதனால் வாலுக்கு மெல்லிசாக ஒரு பூச்சு போதும் என்று பெயிண்டரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். லாரிக்கு எழுதுகிற ஆள். மூன்று கோட்டு எனாமல் அடித்து, வாலில் கொட்டை எழுத்தில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியிருந்தான். பாவி! ஒரு பகல் முழுக்கச் சுரண்டினேன். அவனுக்குத்தான் கோபம்.

"பின்னாடி வாறவனுக்குத் தெரியாண்டாமாவே?"

திருஷ்டி

குற்றாலத்துக்குக் கீழே ஒரு தரிசு. சாரல் விட்டு வெயில் அடித்தது. விருந்தாளிகள் கூடிவிட்டார்கள். இரண்டு விரலில் மாடலைத் தூக்கிப் பார்த்தேன், தராசு முள்ளாக நின்றது. செட்டைத் தட்டிப் பார்க்கத் திரும்பினேன், அவ்வளவுதான். அண்ணாச்சியின் லாரி டிரைவர் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் இரும்புக் கம்பியில் கோத்து வாலில் கட்டிவிட்டான். தரையை விட்டு எழும்பிய பிறகுதான் என் கண்ணில் பட்டது. மூக்கைத் தூக்கியது. சுவிட்சைக் கீழே கீழே என்று அமுக்குகிறேன், கேட்டால்தானே! அப்படியே அந்தரத்தில் நின்று, பாறையில் மோதிச் சுக்குநூறானது.

"வால்ல ஏம்லே கட்டுன?" என்று கத்தினேன். "முன்னாடி காத்தாடி சுத்துதுல்லா?" என்றான் சாவகாசமாக. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாச்சி நொறுங்கிய வாலை எடுத்தார். பழத்துக்கு ஒரு கீறல் இல்லை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தப் பழம் மட்டும் இல்லேன்னா வந்தவங்க மண்டையில விழுந்திருக்கும். உம்ம நம்பி எப்படிவே பட்டறை போடுதது?"

இப்போதும் தென்காசியில் ரேடியோதான் ரிப்பேர் பார்க்கிறேன். அதற்கு வால் இல்லை என்பது ஒன்றுதான் எனக்கு நிம்மதி.